விம்போல் தெரு தீ, 1935: சுவிட்ச்போர்டில் காத்துக் கிடந்த அழைப்பு

நிகழ்வு

1935 நவம்பர் 10. லண்டன் மேரிலபோன் பகுதியில் மருத்துவர்கள் நிறைந்த விம்போல் தெருவில், காது மருத்துவர் ஒருவரின் வீடு தீப்பிடித்தது. ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். தீயைப் பார்த்த அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். அன்றைய முறைப்படி ஆபரேட்டரைப் பிடித்து, அவர் மூலமாகத்தான் தீயணைப்பு நிலையத்தை அடைய வேண்டும். அந்தப் பகுதியின் தொலைபேசி இணைப்பகமான வெல்பெக் எக்ஸ்சேஞ்ச் அவரைக் காக்க வைத்தது. கொதித்துப்போன அவர் 'தி டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் பெரிய விவாதத்தைக் கிளப்ப, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அதன் விளைவாக 1937 ஜூன் 30 அன்று லண்டனில், ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸை மையமாக வைத்து 12 மைல் ஆரத்துக்கு, 999 என்ற அவசர எண் நடைமுறைக்கு வந்தது.

அழைப்பை உடனே எடுத்திருந்தால் அந்த ஐவரும் பிழைத்திருப்பார்களா என்பது இந்த ஆய்வின் கேள்வி அல்ல. உயிர் போகிற அவசரத்தில் வந்த ஓர் அழைப்பு ஏன் சாதாரண அழைப்புகளோடு காத்துக் கிடந்தது, அதைச் சரிசெய்ய ஆபரேட்டரின் சுவிட்ச்போர்டுப் பலகையில் என்னென்ன மாற்றினார்கள், அந்த மாற்றங்களில் எவை இன்றைய மருத்துவமனை, ஹோட்டல், ஆலை ரிசப்ஷன்களுக்குப் பொருந்தும் என்பதே கேள்வி. இப்படி ஏதாவது நடந்தால் முதலில் திட்டு வாங்குவது பலகையில் உட்கார்ந்திருப்பவர்தான். "போனை எடுக்கக்கூட ஆள் இல்லையா?" என்பார்கள். ஆள் இருந்திருப்பார். எந்த அழைப்பை முதலில் எடுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல அந்தப் பலகையில்தான் எதுவும் இருந்திருக்காது.

பலகை எப்படி வேலை செய்தது

அந்தக் காலத்து ஆபரேட்டர் பலகையை ஒருமுறை கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். எதிரே செங்குத்தான பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். உள்ளே வரும் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு துளை, பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு விளக்கு. மேசைப் பகுதியில் ஜோடி ஜோடியாகக் கார்டுகள், அதாவது நுனியில் செருகி வைத்த இணைப்பு வடங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால் ஒரு சாவி (தள்ளும் சுவிட்ச்), இரண்டு கண்காணிப்பு விளக்குகள். அழைப்பு வந்தால் துளையின் விளக்கு எரியும். ஆபரேட்டர் ஜோடியில் ஒரு கார்டை அதில் செருகுவார், விளக்கு அணையும். சாவியைத் தள்ளிப் பேசுவார். கேட்ட இடத்துக்குப் போகும் லைனின் துளையில் மற்றக் கார்டைச் செருகி, மணியடித்து, மறுமுனை எடுத்ததும் சாவியைத் திருப்பிவிட்டு விலகிக்கொள்வார். பேசி முடித்ததும் கண்காணிப்பு விளக்குகள் எரியும், கார்டுகளை உருவுவார்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஐந்து விளக்குகள் எரிந்தால் அவற்றில் எது முதலில் எரிந்தது என்று பலகை சொல்லாது. கைக்கு எட்டுவதும் கண்ணில் படுவதும்தான் முதலில் எடுக்கப்படும். வெளியே காத்திருப்பவருக்கு அது வரிசைபோலத் தெரிந்தாலும் உள்ளே வரிசை என்று எதுவும் கிடையாது. இரண்டு, எல்லா விளக்குகளும் ஒரே நிறம். எண்ணை நாமே சுழற்றும் தானியங்கி எக்ஸ்சேஞ்சில், ஆபரேட்டருக்காக 0 சுழற்றி உள்ளே வருபவர்களில் எண் கிடைக்காதவர் இருப்பார், தவறான இடத்துக்குப் போய்க் காசைத் திருப்பிக் கேட்பவர் இருப்பார், தானாகச் சுழற்ற முடியாத ஊருக்குப் பேச வேண்டியவர் இருப்பார். பக்கத்து வீடு எரிகிறது என்பவரும் அதே விளக்கில்தான் வருவார். கார்டைச் செருகி "சொல்லுங்கள்" என்று கேட்கும்வரை ஆபரேட்டருக்கு வேறுபாடு தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அழைப்பைக் கேட்டு, இணைத்து, விலக 40 விநாடி ஆகிறது என்று வையுங்கள். ஒருவருக்கு முன்னால் மூன்று அழைப்புகள் எடுக்கப்பட்டால் அவர் இரண்டு நிமிடம் காத்திருப்பார். இதில் ஆபரேட்டர் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. அவரை இன்னும் வேகமாக வேலை செய்யச் சொன்னால் 40 விநாடி 35 ஆகலாம். காத்திருப்பு 105 விநாடி ஆகும். தீ எரிகிற வீட்டுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. அவசர அழைப்பைத் தனி வழியில் கொண்டுவந்தால் அதே ஆபரேட்டரால் மூன்று நான்கு விநாடியில் எடுக்க முடியும். ஆளைக் கண்டிப்பதற்குச் செலவிடும் நேரத்தைப் பலகையைத் திருத்தச் செலவிட வேண்டும் என்று நாங்கள் அடித்துச் சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம்.

ஏன் 999

எண்ணைத் தேர்ந்தெடுத்த விதத்தை விரிவாகப் பார்ப்பது அவசியம். கட்டடத்துக்குள் இருக்கும் போன்களை இணைக்கும் ஈபிஏபிஎக்ஸ் இயந்திரத்தில் உள் எண்களை ஒதுக்கும் ஒவ்வொரு ஆளும் இதே சிக்கல்களைத்தான் சந்திக்கிறார்.

சுழல் டயலில் ஓர் எண்ணைச் சுழற்றிவிட்டால் டயல் திரும்பி வரும்போது அத்தனை முறை லைன் துண்டாகித் துண்டாகிச் சேரும். 1 சுழற்றினால் ஒரு துடிப்பு, 9 சுழற்றினால் ஒன்பது, 0 சுழற்றினால் பத்து. வேகம் விநாடிக்குப் பத்துத் துடிப்பு.

111 வேகமானது. ஆனால் மேலே போகும் கம்பிகள் காற்றில் ஆடி ஒன்றோடொன்று உரசினாலே ஒற்றைத் துடிப்புகள் உண்டாகும். யாரும் சுழற்றாமலே அவசர மணி அடித்துக்கொண்டிருக்கும். 222 ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தது. லண்டனில் எக்ஸ்சேஞ்ச் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைத்தான் சுழற்றுவார்கள்; டயலில் எண்களோடு எழுத்துகளும் இருக்கும். ஏ, பி இரண்டும் 2இல் இருப்பதால் ஆபி (ABBey) எக்ஸ்சேஞ்சின் குறியீடு 222 ஆகிவிட்டது. வெல்பெக்கின் குறியீடு 935. 000 முடியவே முடியாது. முதல் 0 விழுந்ததுமே எக்ஸ்சேஞ்ச் அந்த அழைப்பை ஆபரேட்டருக்கு அனுப்பிவிடும், அடுத்த இரண்டு 0களைக் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள்.

9இல் இருந்த எழுத்துகள் டபிள்யூ, எக்ஸ், ஒய். இந்த மூன்றை மட்டும் வைத்து எந்த ஊர்ப் பெயரும் தொடங்காது. ஆகவே 999 எந்த எக்ஸ்சேஞ்சோடும் மோதவில்லை. மூன்று முறை ஒன்பது துடிப்பு என்பது தற்செயலாக நிகழாது. வேண்டுமென்றே சுழற்றினால்தான் வரும்.

பொதுத் தொலைபேசியில் இன்னொரு பூட்டு இருந்தது. ஏ, பி என்று இரண்டு பொத்தான் வைத்த காசுப் பெட்டியில், காசு போட்டால்தான் டயலின் துடிப்புகள் லைனுக்குப் போகும். 0க்கு மட்டும் விலக்கு உண்டு, காசில்லாமலே ஆபரேட்டரை அழைக்கலாம். டயலில் 0க்கு அடுத்த துளை 9 என்பதால், அந்த விலக்கை ஒரு துளை தள்ளி 9க்கும் நீட்டுவது சின்ன இயந்திர வேலைதான். நாடெங்கும் உள்ள காசுப் பெட்டிகளைத் தூக்கியெறியாமல் திருத்திக்கொள்ள முடிந்தது. கையில் காசில்லாதவரும் கூப்பிடலாம்.

இருட்டிலும் புகையிலும் கண்டுபிடிக்க வேண்டும் என்பதும் கணக்கில் இருந்தது. டயலில் விரல் முட்டி நிற்கும் உலோகத் தடுப்பைத் தடவினால் அதை ஒட்டிய முதல் துளை 0, அடுத்தது 9. பார்க்கவே வேண்டாம். நியூசிலாந்து 1958இல் 111ஐ எடுத்துக்கொண்டது வேறு கொள்கையால் அல்ல. அங்கே டயலின் எண்கள் தலைகீழ் வரிசையில் இருந்தன. அவர்களுடைய 1 பிரிட்டனின் 9 இருந்த இடத்தில் இருந்து, அதே ஒன்பது துடிப்பைத் தந்தது.

பலகைக்கு வந்த சிவப்பு விளக்கு

999 சுழற்றினால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், கூடவே பெரிய சத்தத்தில் ஊதல் ஒலிக்கும். யார் கையில் எந்த வேலை இருந்தாலும் அதை விட்டுவிட்டு அந்தத் துளையில் கார்டைச் செருக வேண்டும். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எந்தச் சேவை வேண்டும்? பதில் வந்ததும் காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என உரிய கட்டுப்பாட்டு அறைக்கு இணைப்பு.

ஊதலின் சத்தம் அறையில் இருந்தவர்களால் தாங்க முடியாததாக இருந்தது. அதன் வாயில் டென்னிஸ் பந்தைத் திணித்துச் சத்தத்தைக் குறைத்தார்கள் என்று பிரிட்டிஷ் தொலைபேசி வரலாற்றில் சொல்லப்படுகிறது. எச்சரிக்கை மணி அமைக்கும் எவரும் இதை மனதில் வைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாத அளவுக்குச் சத்தம் வைத்தால், வேலை செய்கிறவர் அதை அடைக்க வழி தேடுவார், தேடத்தான் வேண்டும். இன்றைய ரிசப்ஷன்களில் டென்னிஸ் பந்து இல்லை. ரிங் வால்யூமைக் கடைசிப் புள்ளிக்கு இறக்கிவிடுகிறார்கள், அல்லது துணியைப் போட்டு மூடுகிறார்கள். சத்தத்தை நடுத்தரமாக வைத்து, கண்மட்டத்தில் ஒரு விளக்கும் சேர்த்து, எடுக்கும்வரை இரண்டும் நிற்காதபடி செய்வதே சரி.

முதல் வாரத்தில் 1,336 அழைப்புகள் வந்தன. அவற்றில் 91 குறும்புக்காரர்களுடையவை. 171 பேர் சாதாரண ஆபரேட்டரைத் தேடி 999 சுழற்றியவர்கள். அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அவசரமே இல்லாத அழைப்பு. திட்டம் தோற்றதற்கு அடையாளமாக இதைப் பார்க்கக் கூடாது. தனி வழி திறந்தால் தேவையில்லாதவர்களும் கொஞ்சம் பேர் வருவார்கள். அவர்களை ஒரே கேள்வியில் பிரித்தெடுப்பது ஆபரேட்டரின் திறமை. எது அவசரம், எது இல்லை என்று பொதுமக்களுக்குச் சொல்லும் வேலையை லண்டன் பத்திரிகைகளும் செய்தன. தொடங்கிய அடுத்த மாதமே, ஹாம்ப்ஸ்டெட்டில் அதிகாலையில் வந்த ஓர் அழைப்பால் வீடு புகுந்த திருடன் சில நிமிடங்களில் பிடிபட்டான்.

1938இல் கிளாஸ்கோவுக்குச் சேவை போனது. பிறகு போர் குறுக்கிட்டது. மற்றப் பெரிய நகரங்களுக்கு 1946 முதல் பரவி, நாடு முழுக்கக் கிடைக்க 1976 ஆனது.

அதே எண், 2023

இந்த நிகழ்வை 1937உடன் முடித்தால் பாதிதான் சொன்னதாகும். 2023 ஜூன் 25, ஞாயிறு காலை 6.24 மணிக்கு, 999 அழைப்புகளை எடுக்கும் பிரிட்டிஷ் டெலிகாம் (BT) நிறுவனத்தின் அமைப்பு பழுதானது. மாலை 4.56 வரை, பத்தரை மணி நேரம், கோளாறு நீடித்தது. 12,392 பேர் செய்த ஏறக்குறைய 14,000 அழைப்பு முயற்சிகள் போய்ச் சேரவில்லை. ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் 2024 ஜூலையில் 1.75 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

காரணம், சர்வரில் ஒரு கோப்பின் அமைப்பில் நேர்ந்த பிழை. அழைப்பு வந்ததுமே ஆபரேட்டரின் திரை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவர்கள் தானாக வெளியேற்றப்பட்டார்கள். காவல்துறைக்கோ ஆம்புலன்ஸுக்கோ மாற்றும்போது இணைப்பு அறுந்தது. சில அழைப்புகள் மறுபடி வரிசைக்கே திரும்பின. ஆபரேட்டர்கள் இருக்கையில்தான் இருந்தார்கள். எடுக்க முயன்ற அழைப்பு கையிலிருந்து நழுவியது.

இதைவிடப் பெரிய பாடம் மாற்று ஏற்பாட்டில் இருக்கிறது. இப்படி நேர்ந்தால் பயன்படுத்தத் தனி மாற்று அமைப்பு வைத்திருந்தார்கள். அதற்கு மாறும் முதல் முயற்சி தோற்றது. வழிமுறைகள் ஒழுங்காக எழுதப்படவில்லை, செய்ய வேண்டிய குழுவுக்கு அந்த வேலை பழக்கமில்லை என்று ஆஃப்காம் கண்டறிந்தது. ஒருவழியாக மாறிய பிறகும் அந்த மாற்று அமைப்பால் வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. மாற்று இருக்கிறது என்று காகிதத்தில் காட்டுவதும், ஞாயிறு காலையில் பணியில் இருக்கிறவர் அதற்கு மாறத் தெரிந்திருப்பதும் ஒன்றல்ல.

நம் ரிசப்ஷனில் செய்ய வேண்டியவை

இங்கே மருத்துவமனை, ஹோட்டல், ஆலை மூன்றையும் சேர்த்தே பேசுகிறோம். மூன்றிலும் பெரும்பாலும் இருப்பது ஒரு ஈபிஏபிஎக்ஸ், அழைப்புகளை எடுத்து மாற்றிவிடும் ஓர் ஆபரேட்டர் கன்சோல், ஒன்றோ இரண்டோ ஆட்கள்.

முதலில் வழியைப் பிரியுங்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு என்று தனி எண் வாங்குங்கள். அந்த எண்ணுக்கு வரவேற்புக் குரல் வேண்டாம். "தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்று தொடங்கி, டாக்டர் பட்டியல் சொல்லி, ஆபரேட்டருக்கு வர அரை நிமிடம் ஆகிவிடும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவருக்கு 1935இல் கிடைத்த அதே காத்திருப்பை நாம் இயந்திரத்தை வைத்துக் கொடுக்கிறோம். அந்த எண் நேராக அவசரப் பிரிவு மேசையிலும் கன்சோலிலும் ஒரே சமயத்தில் அடிக்க வேண்டும். ஒன்றில் அடித்து ஓய்ந்தபின் அடுத்ததில் அடிக்கும் முறையை இங்கே வைக்காதீர்கள். 10 விநாடிக்குள் எடுக்காவிட்டால் நர்ஸிங் மேற்பார்வையாளர் போனும் சேர்ந்து அடிக்கட்டும், 20 விநாடிக்குப் பிறகு பணி டாக்டரின் மொபைலும். இந்த எண்ணுக்கு மட்டும் வேறு ரிங் ஒலி வையுங்கள். பெரும்பாலான ஈபிஏபிஎக்ஸ்களில் லைன்வாரியாக ஒலியை மாற்ற வசதி உண்டு. நிறுவிய ஆள் கேட்டால் செய்து தருவார், கேட்காவிட்டால் செய்யமாட்டார்.

உள் எண்களில் மோதல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மூன்று இலக்க அறை எண்ணையே எக்ஸ்டென்ஷனாக வைக்கும் ஹோட்டல்கள் ஏராளம். முதல் மாடியில் 101, 108, 112 என்று அறைகள் இருக்கும். நள்ளிரவில் அறையில் ஒருவர் மயங்கி விழ, மனைவி பதற்றத்தில் அறைப் போனில் 108ஐ அழுத்தினால் ஆம்புலன்ஸுக்குப் போகாது. பக்கத்து அறையில் தூங்குகிறவருக்கு மணியடிக்கும். தீ என்று 101ஐ அழுத்தினாலும் அதே கதை. இரண்டு இலக்க எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கும் சிறிய அலுவலகங்களில் இன்னும் மோசம்: 10, 11 என்று எக்ஸ்டென்ஷன் இருந்தால் முதல் இரண்டு இலக்கத்திலேயே அங்கே இணைந்துவிடும், 108இன் 8ஐயும் 112இன் 2ஐயும் யாரும் கேட்கமாட்டார்கள். 000ஐ லண்டன் நிராகரித்த அதே காரணம் இது.

தீர்வு: 100, 101, 108, 112 நான்கையும், இவற்றின் முதல் இரண்டு இலக்கமான 10, 11 இரண்டையும் எக்ஸ்டென்ஷன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அறை எண்ணுக்கு முன்னால் ஓர் இலக்கம் சேர்த்து, அறை 108க்கு 2108 என்று வைக்கலாம். பிறகு 108ஐயும் 112ஐயும் 0 அழுத்தாமலே நேராக வெளி லைனுக்குப் போகும்படி நிரல் செய்யச் சொல்லுங்கள். வெளியே பேச முதலில் 0 அல்லது 9 அழுத்த வேண்டும் என்பது ஊழியருக்குத் தெரியும், விருந்தினருக்குத் தெரியாது. 2013இல் அமெரிக்காவின் டெக்ஸஸில் ஒரு மோட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது, அவருடைய ஒன்பது வயது மகள் அங்குள்ள அவசர எண்ணான 911ஐ நான்கு முறை அழுத்தியும் போகவில்லை. முதலில் 9 அழுத்த வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தாய் இறந்துபோனார். அதன்பின் 2018இல் அங்கே சட்டம் வந்தது. பல லைன் அமைப்புகளில் 911 நேராகப் போக வேண்டும். அப்படி ஒருவர் அழைத்தால் ரிசப்ஷனுக்கும் அறிவிப்பு வர வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும்போது எந்த அறை என்று ரிசப்ஷனுக்குத் தெரியாவிட்டால் லிஃப்ட் வாசலில் நேரம் போகும். கன்சோலில் "108 – அறை 214" என்று வரும்படி செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் அறைப் போனிலேயே ரிசப்ஷனுக்கு ஒற்றைப் பொத்தான் வைத்து, அதை முதலில் அழுத்தச் சொல்லி எழுதி ஒட்டுங்கள்.

எடுத்ததும் கேட்க வேண்டியது இடம். பிறகு திரும்ப அழைக்க எண், பிறகு என்ன நடந்தது. பதற்றத்தில் இருப்பவர் நடந்ததைத்தான் முதலில் சொல்ல விரும்புவார். அதைக் கேட்டுக்கொண்டிருக்கையில் சிக்னல் போய்விட்டால் கையில் எதுவும் இருக்காது. இப்படிப் போகலாம்:

"அவசரப் பிரிவு. எங்கேருந்து பேசுறீங்க?"
"மேடம், எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதுங்க, வேர்த்துக் கொட்டுது..."
"சரிங்க, உடனே டாக்டர்கிட்ட குடுக்குறேன். எந்த ஏரியா, எந்தத் தெரு மட்டும் சொல்லுங்க."
"பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பிள்ளையார் கோயில் தெரு."
"இதே நம்பருக்குத் திரும்பக் கூப்பிடலாமா? அப்பாவுக்கு என்ன வயசு? பேசுறாரா?"
"கூப்பிடலாங்க. வயசு அறுபத்திரண்டுங்க. பேசுறாரு."
"லைன்லயே இருங்க, வைக்காதீங்க."

பிறகு டாக்டரிடம்: "டாக்டர், வெளியிலேருந்து எமர்ஜென்சி. அறுபத்திரண்டு வயசு, நெஞ்சுவலி, வேர்வை, பேசுறார். பிள்ளையார் கோயில் தெரு, பையன் லைன்ல இருக்கார். குடுக்கவா?" அவர் "குடுங்க" என்று சொன்ன பிறகுதான் இணைக்க வேண்டும். இரண்டு பேரும் பேசத் தொடங்கியது காதில் விழுந்த பிறகுதான் நீங்கள் விலக வேண்டும்.

டிரான்ஸ்ஃபரில்தான் நம்மூரில் அதிக அழைப்புகள் சாகின்றன. எக்ஸ்டென்ஷனை அழுத்திவிட்டு உடனே ரிசீவரை வைத்துவிடுவது பழக்கமாகிவிட்டது. அந்த மேசையில் ஆள் இல்லையென்றால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அமைப்பைப் பொறுத்து ஒரு நேரத்துக்குப் பின் உங்களிடம் திரும்பி வரும், அல்லது அறுந்துபோகும். திரும்பி வரும் நேரத்தை 20 விநாடியாக வைக்கச் சொல்லுங்கள். திரும்பிய அழைப்பு எங்கிருந்து திரும்பியது என்று திரையில் தெரிய வேண்டும். சாதாரண அனலாக் போனில் டிரான்ஸ்ஃபர் செய்ய ரிசீவர் கொக்கியை விரலால் தட்டுபவர்கள் இருக்கிறார்கள். கொக்கியை அரை விநாடி அளவுக்கு அழுத்தினால்தான் அது டிரான்ஸ்ஃபர். ஒரு விநாடியைத் தாண்டினால் போனை வைத்துவிட்டதாக அமைப்பு எடுத்துக்கொண்டு அழைப்பைத் துண்டித்துவிடும். பதற்றத்தில் விரல் கூடுதலாகத்தான் அழுத்தும். கொக்கி தட்டும் வேலையைச் சரியான அளவில் தானே செய்யும் ஃபிளாஷ் பொத்தான் உள்ள போனை மட்டும் அவசர மேசையில் வையுங்கள், விலை வித்தியாசம் மிகக் கொஞ்சம்.

பேசாத அழைப்பை உடனே வைக்காதீர்கள். பிரிட்டனில் மொபைலிலிருந்து 999 அழைத்துப் பேச முடியாதவர் 55 அழுத்தினால் காவல்துறைக்குப் போகும் வழி இருக்கிறது. நம் கன்சோலில் அது இல்லை. "பேச முடியலைன்னா ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்க" என்று சொல்லி ஐந்து விநாடி கேட்பது நம்மால் முடியும். அறை எண் திரையில் தெரிந்தால் ஆள் அனுப்பிப் பார்ப்பதும் முடியும். குறும்பு அழைப்பு என்று முடிவு கட்டுவதை ஆள் போய்ப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு மாற்றம் வந்திருக்கிறது, பல இடங்களில் கவனிக்கவில்லை. பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. கட்டடத்தில் கரண்ட் போனாலும் நேராகக் கம்பியில் மாட்டிய போன் பேசும். அதனால்தான் ஈபிஏபிஎக்ஸ் செத்தால் ஒரு வெளி லைன் தானாக ஒரு குறிப்பிட்ட போனுக்குப் போகும் வசதியை வைத்தார்கள். இப்போது லைன் ஃபைபரில் வருகிறது. சுவரில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் லைனே இல்லை. ஈபிஏபிஎக்ஸுக்கு யூபிஎஸ் கொடுத்துவிட்டு, வேறு அறையில் இருக்கும் ஃபைபர் பெட்டியைச் சாதாரண பிளக்கில் விட்டிருப்பார்கள். கரண்ட் போனதும் உள்ளுக்குள் எல்லா எக்ஸ்டென்ஷனும் அடிக்கும், வெளியே ஒன்றும் போகாது. போன் வேலை செய்வதாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஈபிஏபிஎக்ஸ், கன்சோல் நான்கும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். இவற்றோடு ரிசப்ஷன் மேசையில் சார்ஜ் ஏறிய ஒரு மொபைல், வேறு நிறுவனத்தின் சிம்முடன்.

சோதனையை டெக்னீஷியன் வரும் நாளில் வைக்காதீர்கள். அவர் இருந்தால் எல்லாம் வேலை செய்யும். மாதம் ஒருமுறை, இரவுப் பணியில் இருப்பவரைக் கொண்டு, மூன்று சோதனை போதும். வெளி மொபைலிலிருந்து அவசர எண்ணுக்கு அழைத்து எத்தனை விநாடியில் எடுக்கிறார்கள் என்று கைக்கடிகாரத்தில் பார்ப்பது ஒன்று. அவசர மேசையில் ஆள் இல்லாதபோது அடித்தால் அடுத்தது யாருக்குப் போகிறது என்று பார்ப்பது இரண்டு. யூபிஎஸ்ஸுக்கு வரும் மின்சாரத்தை அணைத்து, பேட்டரியில் வெளி எண் ஒன்றுக்குப் பேசிப் பார்ப்பது மூன்று. உள்ளிருந்து 108, 112 போகிறதா என்ற சோதனைக்கு அந்த எண்களையே அழுத்த வேண்டாம். அவர்களுடைய ஆபரேட்டரின் நேரத்தை நாம் எடுக்கக் கூடாது. நிரலில் அந்த எண்கள் எந்த லைனுக்குப் போகின்றன என்பதை நிறுவிய ஆளை வைத்துப் படித்துச் சரிபாருங்கள்.

ஈபிஏபிஎக்ஸ் முழுக்க நின்றுபோனால் செய்ய வேண்டியதை ஒரே தாளில், பெரிய எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு மேசைக்கு அடியில் அல்லாமல் மேசைமேல் ஒட்டுங்கள். எந்த மொபைல், அது எங்கே, யார் யாருக்கு எந்த எண், வெளி அழைப்புகளை அந்த மொபைலுக்குத் திருப்ப எந்த நிறுவனத்திடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுதினால் போதும். தாளை எழுதியவர் தவிர வேறொருவர், இதுவரை அதைப் பார்க்காத ஒருவர், படித்துச் செய்துகாட்ட வேண்டும். அவர் எந்த வரியில் நின்று "இது என்னங்க?" என்று கேட்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.

பதிவேட்டில் ஒவ்வோர் அவசர அழைப்புக்கும் ஐந்து கட்டம்: மணி அடித்த நேரம், எடுத்த நேரம், இடமும் எண்ணும், யாருக்கு இணைத்தோம், அவர் பேசத் தொடங்கிய நேரம். முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் இடையே 30 விநாடிக்கு மேல் போன அழைப்புகளை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரே மேசை, ஒரே ஷிஃப்ட், ஒரே எக்ஸ்டென்ஷன் என்று ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் அங்கே போய்ப் போனின் ரிங் ஒலியைக் கேட்டுப் பார்ப்பதில் தொடங்குங்கள். வால்யூம் குறைக்கப்பட்டிருந்தால் குறைத்தவரைத் தேட வேண்டாம். ஒலியை மாற்றி, விளக்கு மாட்டுங்கள்.